தரை வழுக்குது, குழாயில் கரண்டு அடிக்குது: குளியலறைக் கோளாறை எங்கிருந்து தேடுவது

கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டிலிருந்து போன். “அண்ணாச்சி, பாத்ரூம் டைல் முழுக்க மாத்தணும். அத்தை ரெண்டு தடவை வழுக்கிட்டாங்க. என்ன ஆகும்னு சொல்லுங்க.” போய்ப் பார்த்தேன். டைல் வழவழப்பான ரகம்தான். ஆனால் எல்லாரும் குளித்து முடித்து நாலு மணி நேரம் ஆன பிறகும் கிளாசெட்டுக்குப் பின்னால் ஈரம். “காசு கணக்கு அப்புறம் டீச்சர். இன்னைக்கு ராத்திரி தரையைத் துணி போட்டுத் துடைச்சிட்டு, பழைய பேப்பரை அங்கங்க விரிச்சிட்டுப் படுங்க. விடிஞ்சதும் எது நனைஞ்சிருக்குன்னு சொல்லுங்க” என்றேன். காலை ஆறு மணிக்கே கூப்பிட்டார். ஹெல்த் ஃபாசட்டுக்கு (கிளாசெட் பக்கத்தில் தொங்கும் கைஷவர்) நேர் கீழே கிடந்த பேப்பர் மட்டும் கூழாகியிருந்ததாம். ஒரு ரப்பர் வாஷரும் அரை மணி நேர வேலையும்தான் தேவைப்பட்டது. டைலை மாற்றவே இல்லை.

குமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பிளம்பிங் வேலைக்கு அலைகிறவன் நான். வழுக்கி விழுகிற வீட்டையும் தண்ணீர் வீணாகிற வீட்டையும் தனித்தனியாகப் பார்த்தது குறைவு. பெரும்பாலும் இரண்டும் ஒரே வீடு, காரணமும் ஒரே சொட்டு. அதனால் கைப்பிடி வாங்கும் முன், டைல் பெயர்க்கும் முன், கீழே உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அங்கே போய், காசு குறைந்த காரணத்திலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள்.

தரை வழுக்குகிறது

*யாரும் குளிக்காத விடியற்காலையிலேயே ஈரமாக இருந்தால்*

எங்கோ கசிவு. பேப்பர் சோதனையைச் செய்யுங்கள்: குழாயடியில் ஒன்று, கிளாசெட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று, கீசருக்குக் கீழே ஒன்று, கதவோரம் ஒன்று. எது நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேட வேண்டும்.

முதல் சந்தேகம் எப்போதும் ஹெல்த் ஃபாசட் மேல். அதன் துப்பாக்கியை மட்டும் விட்டுவிட்டுப் போவது நம் பழக்கம். டேங்க் தண்ணீரின் அழுத்தம் முழுவதையும் இரவு பகலாக அந்த மெல்லிய டியூப்தான் தாங்குகிறது. சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை ஒவ்வொரு முறையும் மூடினால் பாதிக் கசிவு அன்றே நிற்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போன சமயத்தில் டியூப் வெடித்து, மொட்டைமாடி டேங்க் முழுவதும் படுக்கையறை வழியாக வெளியே போன வீடு எனக்குத் தெரியும்.

அடுத்தது குழாய். பழைய திருகு குழாய் என்றால் வாஷர், கால்வாசி சுற்றிலேயே திறக்கும் ரகம் என்றால் உள்ளே இருக்கும் ஸ்பிண்டில். அதற்கடுத்து ஆங்கிள் வால்வின் மரை: கழற்றி, பழைய டெஃப்லான் டேப்பைச் சுரண்டிவிட்டு, மரை ஓடும் திசையிலேயே புது டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

சொட்டுதானே என்று விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. குழாயடியில் மக் வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். அரை லிட்டர் சேர்ந்தால் நாளுக்கு 12 லிட்டர், வருடத்துக்கு 4,380 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் நான்கை மோட்டார் போட்டு ஏற்றி, சாக்கடையில் ஊற்றியதற்குச் சமம்.

எந்தப் பேப்பரும் நனையவில்லை, ஆனால் சுவரின் அடிப்பகுதி ஊறிப் பெயின்ட் உரிகிறது என்றால் சுவருக்குள் போகும் பைப்பைச் சந்தேகப்பட வேண்டும். இரவு எல்லாக் குழாயையும் மூடி, மோட்டார் போடாமல், டேங்கில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு குளியலறைக்குப் போகும் கேட் வால்வையும் மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது இறங்கவில்லையா? கசிவு அந்த வால்வுக்கு அப்பால்தான். இதற்கு மேல் பிளம்பரைக் கூப்பிடுங்கள். எங்கே உடைப்பது என்று அவர் முடிவு செய்யும் முன், இந்த இரண்டு இரவின் கணக்கை அவரிடம் சொன்னால் உடைக்கும் இடம் சுருங்கும்.

*குளித்த பிறகு தண்ணீர் தேங்கி நின்றால்*

தண்ணீர் போகும் ஓட்டையின் ஜாலியை (சல்லடை மூடி) தூக்கி, அடியில் நாற்றம் மேலே வராமல் தண்ணீர் நிறுத்தும் நானி டிராப்பில் சிக்கியிருக்கும் முடியை எடுங்கள். பத்தில் எட்டு வீட்டில் கதை இங்கேயே முடிந்துவிடும். முடியே இல்லை, ஆனாலும் தேங்குகிறது என்றால் தரையில் ஒரு கோலிக்குண்டை விடுங்கள். ஜாலியை நோக்கி ஓடாமல் வேறு மூலைக்குப் போனால் சரிவு தப்பு. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இறக்கம் வேண்டும். தேங்குவது கையளவு இடம் என்றால் ஒரு வைப்பர் போதும், குளித்தவரே தள்ளிவிட்டு வரட்டும். அறை முழுக்கத் தேங்கினால் கொத்தனார் வேலை. பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டச் சொல்வார்கள், உடைக்கும் செலவு மிச்சம் என்பார்கள். வாசல்படிக்கும் தரைக்கும் இடையே எத்தனை உயரம் மிஞ்சும் என்று அளந்து பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். உயரம் போதாமல் போனால் தண்ணீர் ஹாலுக்கு வரும்.

*ஈரமே இல்லை, அல்லது கழுவிய பிறகும் வழுக்கினால்*

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீடா? தேங்காய் எண்ணெயை உடம்பிலிருந்து இறக்கிவிடுகிறோம், தரையிலிருந்து இறக்குவதில்லை. அது சோப்போடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிகிறது. விரல் நகத்தால் டைலைச் சுரண்டிப் பாருங்கள், நகத்தில் வெள்ளையாக மெழுகு போல வந்தால் அதுதான். சூடான தண்ணீரில் ஒரு பிடி சலவைச் சோடா கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோடா தோலை எரிக்கும். எண்ணெய்க் குளியல் அன்று கடைசியாகக் குளிக்கிறவர் இரண்டு பிடி கடலைமாவைத் தூவித் தேய்த்துவிட்டாலே பெரும்பகுதி எடுபடும்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை வருகிறது, ஜூனில் சாரல், ஐப்பசியில் அடைமழை. வெயில் படாத குளியலறையில் பாசி பிடிக்க இது போதும். வெளிச்சமும் காற்றும்தான் இதற்கு மருந்து. ஜன்னலில் அடுக்கிய ஷாம்பு பாட்டில்களை எடுத்தாலே பாதிச் சரியாகும்.

ஆசிட் ஊற்றாதீர்கள். சிமென்ட் இணைப்பை அரித்துவிடும், டைலின் மினுக்கும் போய் அழுக்கு முன்னைவிட நன்றாகப் பிடிக்கும். அதைவிட முக்கியம்: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரை எடுக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஊற்றினாலும் ஆபத்து அதேதான்.

ரப்பர் மேட் வாங்குவதானால் ஒன்று கவனிக்க வேண்டும். உறிஞ்சு குமிழ் வைத்த மேட் வழவழப்பான டைலில்தான் பிடிக்கும், சொரசொரப்பான தரையில் ஒட்டாமல் ஆளோடு சேர்ந்து நகரும். தினமும் தூக்கிக் காயப்போடாத மேட்டுக்கு அடியில்தான் வீட்டிலேயே அதிகப் பாசி இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு வழுக்கினால்தான் டைல் மாற்றும் பேச்சு. சொரசொரப்பான, பளபளப்பில்லாத ரகம், அதிலும் சிறிய அளவு. இணைப்புக் கோடு அதிகமானால் காலுக்குப் பிடிமானம் அதிகம்.

குழாயையோ ஷவரையோ தொட்டால் சுரீர் என்கிறது

இதில் சோதனை எதையும் ஈரக் கையோடு செய்யக் கூடாது. குழாயை மூடக்கூட மறுபடி தொடாமல் வெளியே வந்து, காலைத் துடைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு மெயினை இறக்குங்கள். நான் பிளம்பர். இந்த இடத்தில் நானும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவேன். அவர் வரும் முன் நீங்கள் செய்யக்கூடியது கவனிப்பது மட்டுமே.

*கீசர் போட்டபோது மட்டும் அடித்தால்:* உள்ளே இருக்கும் எலிமென்ட் போயிருக்கும், எர்த்தும் வேலை செய்யவில்லை. எலிமென்ட் மட்டும் மாற்றிவிட்டு எர்த்தைப் பார்க்காமல் போகிறவரை விடாதீர்கள்.

*கீசர் அணைந்திருந்தும் அடித்தால்:* கிணற்று மோட்டாரிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ மின்சாரம் இரும்புப் பைப் வழியாக வருகிறது. இது வீடு முழுக்கத் தேட வேண்டிய வேலை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் எர்த் கம்பி குழிக்குள்ளேயே உப்பில் அரித்துப்போய், மேலே பார்க்க நன்றாகவே தெரியும்.

*ஆர்சிசிபி (மெயின் பெட்டியில் இருக்கும் மின்கசிவு சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தால்:* அது தொந்தரவு தருகிறது என்று அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிடும் ஆட்கள் உண்டு. அந்தப் பெட்டி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி செய்தது. அது விழுகிறதென்றால் உங்களை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று தெரியாவிட்டால், மெயின் பெட்டியில் ‘T’ என்று எழுதிய சிறிய பொத்தானைத் தேடுங்கள். அழுத்தினால் உடனே சுவிட்ச் விழ வேண்டும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றாலோ, பொத்தானே இல்லை என்றாலோ, இந்தப் பட்டியலில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

வாளியில் போடும் ஹீட்டர் கம்பியைப் பற்றி ஒரே வரி: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை.

கீசர்

*அடியில் சொட்டுகிறது:* சூடேறும் நேரத்தில் மட்டும் பாதுகாப்பு வால்விலிருந்து நாலு சொட்டு வந்தால் அது கோளாறல்ல, தண்ணீர் விரிகிறது. அணைத்த பிறகும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். அந்த வாயை எம்சீல் வைத்து அடைத்திருந்த ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றேன். அடைத்தால் அழுத்தம் போக வழியில்லாமல் டேங்கே வெடிக்கும்.

*கரண்ட் பில் எகிறுகிறது:* 2,000 வாட் கீசரில் 15 லிட்டர் தண்ணீர் நம் ஊர்க் குளியலுக்கு வேண்டிய சூடு வர ஏறக்குறைய கால் மணி நேரம் போதும். விடியற்காலையில் போட்டு ஒன்பது மணிக்கு அணைக்கிறோம். குளிக்கும் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணையுங்கள். பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

*பிள்ளைக்குச் சூடுபட்டது:* எங்கள் பக்கம் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். வாளியில் முதலில் பச்சவெள்ளம், அதன் மேல் சூடுவெள்ளம். மாற்றி ஊற்றுகிற வீட்டில்தான் பிள்ளைகள் கை விடுகிறார்கள். கீசரின் திருகியை நடுவுக்குக் கீழே வையுங்கள்.

*கேஸ் கீசர் வைத்திருந்து குளிக்கும்போது தலை சுற்றுகிறது, தலைவலிக்கிறது:* கதவைத் திறந்து உடனே வெளியே வாருங்கள். மூடிய அறையில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைக் கொடுக்கிறது, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கருவியைக் குளியலறைக்கு வெளியே மாற்றும் வரை அதைத் தொடாதீர்கள்.

பிளஷ் டேங்கில் சத்தம் ஓயவில்லை

டேங்க் மூடியைத் தூக்கிப் பத்துச் சொட்டு சொட்டுநீலம் விடுங்கள். இருபது நிமிடம் யாரும் போக வேண்டாம். கிளாசெட் தண்ணீரில் நீலம் இறங்கியிருந்தால் அடியிலுள்ள ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது. நீலம் இறங்கவில்லை, ஆனால் டேங்கில் தண்ணீர் மேல் குழாய் வாய் வழியாக வழிகிறது என்றால் மிதவையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். இரண்டுக்கும் ஸ்பானர்கூட வேண்டியதில்லை. டேங்க் அடியில் போல்ட் துருப்பிடித்து ஒழுகினால் ஆளைக் கூப்பிடுங்கள், பலவந்தமாக முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும்.

பழைய ஒற்றை பிளஷ் டேங்க் ஒரு இழுப்புக்கு 10 லிட்டருக்கு மேல் விடும். இரட்டைப் பொத்தான் ரகத்தில் சின்னதற்கு 3, பெரியதற்கு 6. மாற்ற வசதியில்லாதவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி, டேங்குக்குள் இறக்கி வைக்கலாம். செங்கல் போடாதீர்கள், கரைந்து சீலில் அடைக்கும். பாட்டில் போட்ட பிறகு இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள், மிச்சம் எதுவும் இல்லை.

நாற்றம் வருகிறது

*வளைகுடாவிலிருந்து வந்து வீட்டைத் திறந்ததும் வந்தால்:* டிராப்பில் நின்ற தண்ணீர் காய்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர். மறுபடி பூட்டிப் போகும்போது தண்ணீர் விட்டு, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் காயாது.

*தினமும் புழங்கும் குளியலறையில் வந்தால்:* நானி டிராப்பின் உள் கிண்ணத்தைக் கழுவியவர் திரும்ப வைக்க மறந்திருப்பார். அது சரியாக இருந்தால் கிளாசெட் அடியில் சீல், அதுவும் சரியென்றால் செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் அடைத்திருக்கும். அதன் வாயில் வலை இருக்கிறதா என்றும் பாருங்கள், கொசு அங்கேதான் குடும்பம் நடத்துகிறது.

நாற்றத்துக்கு ஆசிட், பினாயில் என்று ஊற்றிக்கொண்டே போனால் செப்டிக் டேங்கில் மலத்தை மக்கவைக்கும் கிருமிகள் சாகும், டேங்க் சீக்கிரம் நிரம்பும். வாஷ்பேசினில் அந்துருண்டை போடும் பழக்கமும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

மழைக்காலத்தில் மட்டும் கழிவறைத் தண்ணீர் இறங்க மறுக்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வரும் போனில் பாதி இதுதான். முதலில், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயோ முற்றத்துத் தண்ணீரோ செப்டிக் டேங்க்குக்குள் போகிறதா என்று மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். போனால் அதைத் திருப்பிவிட்டாலே சரியாகும். போகவில்லை என்றால், கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். பத்து வருடமாக நிரம்பவே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்களின் டேங்க் அடியில் கசிகிறது. போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் சொந்தக் கிணறுதான்.

மூன்றாவது காரணம் மண்ணே ஊறிப்போய் உறிஞ்சுகுழி தண்ணீர் வாங்காதது. வயலோரமாகவோ குளத்தங்கரையிலோ கட்டிய வீடுகளில் இது சகஜம். அப்போது டேங்கை முழுசாக வறட்டி எடுக்கச் சொல்லாதீர்கள். சுற்றிலும் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலி டேங்க் மேலே எழும்பும், சுவர் உள்ளே சாயும். மழை ஓய்ந்தபின் உறிஞ்சுகுழியை உயரமான இடத்துக்கு மாற்றலாம், கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி.

டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. உள்ளே நிற்கும் விஷவாயு ஒரே மூச்சில் ஆளை விழவைக்கும், தூக்கப் போனவரும் சேர்ந்து விழுவார். பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். லாரி வைத்து உறிஞ்சத்தான் கூப்பிட வேண்டும். 14420 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் ஏற்பாடு செய்வார்கள்.

மழைவெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால், தண்ணீர் தெளிந்த பிறகு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் நிற்கும், 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இறக்கி, ஒரு மணி நேரமாவது விட்டு மோட்டார் போடுங்கள்.

செங்கறை போகவில்லை

செம்மண் கிணற்றின் இரும்பு. பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். மீன் குழம்புக்குப் போடும் புளிச்சக்காயை (பிலிம்பி) இரண்டாக நறுக்கித் தேய்த்துப் பாருங்கள், டைலிலும் பீங்கானிலும் பளிச்சென்று போகும். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் வேண்டாம், புளிப்பு கல்லை அரிக்கும்.

கைப்பிடி ஆடுகிறது, துருப்பிடிக்கிறது

டவல் கம்பி கைப்பிடி ஆகாது. இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் தாத்தா டவல் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். சோதனை எளிது: திடமான ஆள் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்து, முழு எடையையும் கொடுத்துப் பின்னால் சாயட்டும். துளி அசைந்தாலும் கழற்றுங்கள், ஆடும் கைப்பிடி இல்லாத கைப்பிடியைவிட மோசம். ஸ்க்ரூ டைலில் மட்டும் நிற்கிறதா, செங்கல் வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண பிளக் நிற்காது, அதற்கான ஆங்கர் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். உயரம் தரையிலிருந்து 75 முதல் 85 சென்டிமீட்டர். ஆனால் புத்தகக் கணக்கைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து வையுங்கள்: பிடிக்கப்போகிறவரைக் கிளாசெட்டில் உட்கார வைத்து, கை தானாக எங்கே போகிறதோ அங்கே பென்சில் கோடு.

கடலிலிருந்து காற்று நேராக வரும் வீடுகளில் 304 ரக ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளி விழும். 316 வாங்குங்கள், உப்பைத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்துக் கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், இரண்டிலுமே ஒட்டாது.

வயதானவர் உள்ளே போனால் கொண்டியைப் போட வேண்டாம் என்பதைவிட, வெளியிலிருந்தும் திறக்கும் பூட்டு வைப்பது மரியாதை. கதவு உள்பக்கம் திறந்தால் விழுந்தவர் உடம்பே கதவை அடைக்கும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைக்க ஆசாரிக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை.

வாழைக்கு விட்ட குளியல் தண்ணீர் தேங்கி நாறுகிறது

குளிக்கும் தண்ணீரை மட்டும் தனிப் பைப்பில் தோட்டத்துக்குத் திருப்பும் வீடுகள் கூடிவருகின்றன, நல்லது. கிளாசெட் லைன் அதில் சேரக் கூடாது. நாறினால் முதல் காரணம் ஒரே இடத்தில் விடுவது, பைப் நுனியை வாரம் ஒரு வாழை மூட்டுக்கு (அடிக்கு) மாற்றுங்கள். இரண்டாவது, வழியில் வடிகட்டி இல்லாதது. ஒரு குழி வெட்டி, அடியில் ஜல்லி, மேலே கதம்பையை (தேங்காய் உரித்த மட்டை) நெருக்கி அடுக்கினால் முடியும் சோப்பு நுரையும் அங்கேயே நிற்கும். தண்ணீர் ஒரு வாரம் தேங்கினாலே கொசுப்புழு வந்துவிடும், அதனால் குழியில் மேலே தண்ணீர் தெரியக் கூடாது. இலை ஓரம் கருகினால் துணி துவைக்கும் பவுடர் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம், அந்த லைனைப் பிரியுங்கள். மட்டியோ செவ்வாழையோ, குளியல் சோப்புத் தண்ணீருக்கு ஒன்றும் சொல்லாது. கதம்பை ஆறு மாதத்தில் கறுத்து நைந்துவிடும். புதிது போட்டுவிட்டுப் பழையதைத் தென்னை மூட்டில் கொட்டலாம்.